புதுச்சேரி ஸ்டேஷன் பக்கத்துப் பார்சல் கடை: வடக்கே ஊழியத்துக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்

ஊழியத்துக்காகக் குடும்பத்தோடு வடக்கே போகிறீர்கள், வீட்டுச் சாமானை எப்படி அனுப்புவது என்று புரியவில்லை, கையில் பணமும் அதிகம் இல்லை என்றால், புதுச்சேரி ரயில் நிலையத்திலிருந்து முல்லா வீதிப் பக்கம் நடக்கிற வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிற பார்சல் கடைக்குப் போங்கள். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ‘சாமான்கள் பேக்கிங், ரயில்வே பார்சல் புக்கிங்’ என்று பெயின்டில் எழுதிய தகரம் ஒன்று தொங்கும். ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டில் ‘பார்சல் பாய் கடை’ என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நாங்கள் கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். என் வீட்டுக்காரர் வாத்தியார், நான் நர்ஸ். போன வருஷம் ஜார்கண்ட் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைமேல் இருக்கிற ஒரு பணித்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். மால்டோ பேசுகிற பஹாடியா ஜனங்கள் வாழ்கிற மலை இது. தமிழ்நாட்டிலிருந்து மிஷனரிக் குடும்பங்கள் பல வருஷமாக வந்துகொண்டிருக்கிற இடம்தான். அவர் விடுதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார், நான் சின்ன மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஜெபம் பண்ணி, வீட்டில் எல்லோரும் சம்மதித்து, சபையிலும் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு மிச்சமிருந்த பெரிய கவலை இந்தச் சாமான்தான். கல்யாணமாகிச் சேர்த்த ஒரு வீட்டை எப்படி அங்கே கொண்டுபோவது?

முதலில் ஒரு பெரிய பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியில் விசாரித்தோம். ஒரு தம்பி வந்து கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் போனில் போட்டோ பிடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்த தொகையைப் பார்த்து என் வீட்டுக்காரர் பேசவே இல்லை, போனை என்னிடம் நீட்டிவிட்டார். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாகிப்கஞ்ச் டவுன் வரைக்கும்தான் இறக்கித் தருவார்களாம், மலைக்கு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் கஷ்டமே அந்த மலையில்தான் தொடங்குகிறது.

பாய் கடையை எங்களுக்குச் சொன்னது என் தோழி. நர்ஸிங் படிக்கும்போது ஒரே அறை, அப்போதிருந்து ஒரே மனசு. அவள் பரங்கிப்பேட்டைக்காரி, இப்போது கடலூரில் வேலை. அவளுடைய அண்ணன் புல்லட்டை வெளியூருக்கு அனுப்ப இந்தக் கடையில்தான் கட்டியிருக்கிறார். “போய்ப் பேசிப் பாரு, பிடிக்கலைன்னா வந்துடலாம்” என்று அவளே என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள்.

பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் எழுதிக் கொண்டுபோன பட்டியலை அவர் வாங்கவே இல்லை. “எந்த ஊரும்மா?” என்றார். சொன்னோம். “ரயில் எது வரைக்கும்?” சொன்னோம். “அப்புறம்?” ஜீப் அல்லது டிராக்டர் என்றோம். “அதுக்கப்புறம்?” அங்கே ஏற்கெனவே இருக்கிற அக்கா போனில் சொன்னது ஞாபகம் வந்தது. மழை பெய்திருந்தால் டிராக்டர் அடிவாரத்தோடு நின்றுவிடும், ஊர் ஜனங்கள்தான் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள் என்றேன். “அப்ப ஒரு ஆள் தூக்குற எடைக்குத்தான் எல்லா மூட்டையும். இருபது கிலோவுக்கு மேல ஒண்ணு கூட வேணாம். ரயிலுக்குக் கட்டுறது பெரிசில்லம்மா, தூக்குற ஆளுக்குக் கட்டணும்.”

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல வந்ததே இதுதான். மற்றவர்கள் நம் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். இவர் போய்ச் சேருகிற வாசலிலிருந்து கணக்குப் போடுகிறார். யாரோ ஒரு பஹாடியா அண்ணன் முதுகில் எங்கள் பாரம் ஏறப்போகிறது என்பதை, எங்களுக்கு முன்னால் நினைத்தவர் பாய்தான். ஊழியத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, போன முதல் நாளே அந்த ஜனங்களைச் சுமைகூலியாக ஆக்காமல் காப்பாற்றினார்.

சாமானை நாங்கள் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம். அம்மாவும் கூடவே வந்தார்கள். கடை வாசலில் தார்ப்பாய் விரித்து எல்லாவற்றையும் இறக்கி வைத்ததும், பாய் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். கிரைண்டரா? அங்கே கரண்ட் எத்தனை மணி நேரம் இருக்கும்? போனவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது. சரி, ஓரமாக வை. கம்பளியா? அங்கேயே வாங்கிக்கொள், குளிர் ஊரில்தான் நல்ல ரஜாய் கிடைக்கும். ஃபிரிட்ஜைப் பார்க்கவே இல்லை. பீரோவைக் கொண்டுவர வேண்டாமென்று முந்தைய நாளே போனில் சொல்லிவிட்டார்.

அம்மா கொண்டுவந்திருந்த வெண்கலப் பானையில்தான் பேச்சு நின்றது. எனக்குச் சீராகக் கொடுத்தது, அதற்கு முன் அம்மாவுக்குப் பாட்டி கொடுத்தது. “இது என் பொண்ணோட போகணும்” என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்கள். பாய் பானையைத் தூக்கிப் பார்த்து, வாய் விளிம்பைத் தடவிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: “பெரியம்மா, இந்த வெயிட்டுக்கு ரெண்டு பேருக்கு மாசத்து அரிசி போகும். பானை உங்ககிட்டயே இருக்கட்டும். புள்ளைங்க லீவுல வரும்போது இதுல சோறாக்கிப் போடுங்க.” அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர்களே அதை எடுத்துக் குட்டி யானையில் திரும்ப வைத்தார்கள். நானோ என் வீட்டுக்காரரோ சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுகைதான்.

தையல் மெஷினை அவர் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் பெண்களுக்குத் தையல் சொல்லித்தரலாம் என்று என் பழைய மிதி மெஷினைக் கொண்டுபோக ஆசை. ஸ்டாண்டோடு போனால் பாதி வழியில் கால் உடையும் என்றார். ஸ்க்ரூவைக் கழற்றித் தலையைத் தனியாகத் தூக்கினார். ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை என் கைப்பையில் வைக்கச் சொன்னார். உள்ளே இருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தார். பழைய காட்டன் புடவையை நாலாக மடித்துச் சுற்றி, பழப்பெட்டிப் பலகையில் அளவெடுத்து அடித்த பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி உட்கார வைத்து, ஆட்டிப் பார்த்தார். லேசாக அசைந்தது. இன்னும் ஒரு கை வைக்கோலைப் பக்கவாட்டில் திணித்து மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடி போட்டு ஆணி அடித்தார். ஸ்டாண்ட் கடலூரிலேயே இருக்கிறது. இங்கே வந்து மரப்பலகையில் கைச்சுற்று வைத்து ஓட்டுகிறோம், நன்றாக ஓடுகிறது.

புத்தகங்களைச் சின்னச் சின்ன சோப்பு அட்டைப்பெட்டியில் போட்டார். பெரிய பெட்டியில் புத்தகத்தை நிரப்பினால் யாராலும் தூக்க முடியாது, கடைசியில் கீழே போடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். பெட்டிக்குள் பாலித்தீன் விரித்து, மூலைக்கு ஒரு வசம்புத் துண்டு. வேதாகமங்களை மட்டும் பெட்டிக்குள் வைக்க விடவில்லை. “வேதப் புத்தகத்தைக் கோணிக்குள்ள போட வேணாம்மா, கையோட கொண்டுபோங்க.” எங்கள் வீட்டுக்காரர் அன்று இரவு ஜெபத்தில் பாய் குடும்பத்துக்காகவும் ஜெபித்தார். இன்றைக்கும் ஜெபிக்கிறோம்.

இன்னொரு காரியம், இதை எல்லா மிஷனரிக் குடும்பமும் செய்ய வேண்டும் என்பேன். ‘முதல் ராத்திரி மூட்டை’ என்று ஒன்றைத் தனியாகக் கட்டச் சொல்கிறார். படுக்கிற பாய், போர்வை, தட்டு, டம்ளர், டார்ச், ஒரு வேளைக்கு அரிசி பருப்பு, உப்பு, கத்தி, கொசுவலை. அதன் கழுத்தில் சிவப்புத் துணி. போய் இறங்கின இருட்டில் அது ஒன்றைப் பிரித்தால் போதும். எங்களுக்குக் கொசுவலை ரொம்ப முக்கியம். இந்த மலையில் மலேரியா மட்டும் இல்லை, காலா அசார் என்கிற கருங்காய்ச்சலும் உண்டு. அதைப் பரப்புகிற மணல் ஈ கொசுவைவிடச் சின்னது, சாதாரண வலைக் கண்ணில் புகுந்துவிடும். அதனால் நெருக்கமான கண் உள்ள வலை வாங்கி, மருந்தில் நனைத்து எடுத்துவைத்திருந்தேன். அந்த வலை மூட்டையின் அடியில் போகாமல் மேலாகவே இருந்ததற்கு பாய் காரணம்.

மூட்டை தைக்கிற வேலையைப் பாயின் தம்பி மகன் செய்கிறார். கோணி ஊசியில் சணல் கோர்த்து அவர் தைக்கிற தையல் பிரிந்து நான் பார்க்கவில்லை. விலாசத்தைத் துணியில் எழுதி மூட்டையோடு சேர்த்துத் தைக்கிறார், பிரஷால் மூட்டை மேலேயும் எழுதுகிறார். ஒன்று கிழிந்தாலும் ஒன்று இருக்கும். இந்தியில் எழுத அவருக்குத் தெரியாது, நாம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அப்படியே வரைந்துவிடுவார்.

பைக் அனுப்புகிறவர்களுக்கு: ஆர்.சி. நகலும் அடையாள அட்டை நகலும் எடுத்துப் போங்கள். டேங்க்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, கடையிலேயே இறக்கிவிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றித் தனியாகக் கொடுப்பார்கள்.

ரயிலைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். புதுச்சேரியிலிருந்து ஹவுராவுக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. கடலூர்க்காரர்கள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் இருக்கும்போது ஏன் புதுச்சேரி போக வேண்டும் என்று கேட்பார்கள். வண்டி கிளம்புகிற ஸ்டேஷனில் ஏற்றினால் அவசரம் இல்லாமல் அடுக்கலாம், நடு ஸ்டேஷனில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் எறிகிற வேலைதான் நடக்கும் என்பது பாயின் கணக்கு. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ வரை கையோடு இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பதையும் அவர்தான் சொல்லி, அதற்குத் தகுந்தபடி எது பார்சல், எது கையோடு என்று பிரித்துக் கொடுத்தார். இதனால் பார்சல் செலவு குறைந்தது. அவருக்கும் மூட்டை குறைந்தது, கூலியும் குறைந்தது. தெரிந்தே செய்தார்.

கையோடு கொண்டுபோகிற பெட்டி, பை எல்லாவற்றுக்கும் பூட்டு போடச் சொன்னார். பூட்டாத சாமானை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் வாங்கமாட்டார்கள். அந்தப் பூட்டுகளால் எங்களுக்கு ஹவுராவில் ஒரு பாக்கியம் கிடைத்தது. அடுத்த வண்டிக்கு நேரம் இருந்ததால், பெட்டிகளைப் போட்டுவிட்டு ஆற்றைத் தாண்டிப் பழைய மிஷன் ஆலயத்தைப் பார்க்கப் போனோம். எங்களை வழியனுப்பிய ஆராதனையில் போதகர் சொன்ன கிர்னாண்டர் கட்டிய ஆலயம் அது. ஸ்வீடனில் பிறந்தவர். 1740-ல் நம் கடலூருக்கு மிஷனரியாக வந்து பதினெட்டு வருஷம் ஊழியம் செய்தார். 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரையும் தேவனாம்பட்டினத்துக் கோட்டையையும் பிடித்ததும், தரங்கம்பாடி போய் அங்கிருந்து கல்கத்தா சேர்ந்தார். 1770-ல் அந்த ஆலயம் திறக்கப்பட்டது. கடலூரிலிருந்து வங்காளத்துக்கு நாங்கள் போகிற இதே திசையில், எங்களுக்கு இருநூற்று அறுபது வருஷத்துக்கு மேல் முன்னால் ஒருவர் போயிருக்கிறார். ஆலயச் சுவரைத் தொட்டுவிட்டு வந்தோம். என் வீட்டுக்காரர் ஓ.டி. ஆலயத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர், அவருக்கு அங்கிருந்து நகர மனசே வரவில்லை.

நாங்கள் போனதோடு பாய் கடை முடிந்துவிடவில்லை. என் தோழி இன்னும் அங்கே போகிறாள். சில மாதத்துக்கு ஒருமுறை கடலூரிலிருந்து எனக்குப் பார்சல் வரும்: புளி, நல்லெண்ணெய், வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை), பண்ருட்டி முந்திரி, மருந்தகத்துக்குக் கட்டுத்துணி, விடுதிப் பிள்ளைகளுக்கு அவள் ஆஸ்பத்திரித் தோழிகளிடம் சேர்த்த ஸ்வெட்டர். அவள் கொண்டுபோய்க் கொட்டினால் பாய் தபாலுக்கு ஏற்றபடி துணியில் தைத்துக் கொடுப்பார். ஒருமுறை அவள் கருவாடு கொண்டுபோயிருக்கிறாள். “வேணாம்மா, ஸ்வெட்டர் எல்லாம் நாறிடும், புள்ளைங்க போடாது” என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். எனக்குக் கருவாட்டுக் குழம்பு இன்னும் கனவாகவே இருக்கிறது, ஆனாலும் அவர் சொன்னது நியாயம்.

அவள் கிறிஸ்தவள் இல்லை. நான் ஊழியத்துக்குப் போகிறேன் என்றபோது என்ன சொல்வாளோ என்று பயந்தேன். அவள் படித்தது பரங்கிப்பேட்டை சேவா மந்திர் பள்ளியில். டென்மார்க்கிலிருந்து வந்த ஆனி மேரி பீட்டர்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி, 1921-ல் காந்தி அடிக்கல் நாட்டியது. அந்த அம்மையாரும், அதே நாட்டிலிருந்து மிஷனரியாக வந்த அவருடைய தோழி எஸ்தர் பேரிங்கும் 1917-ல் சேர்ந்தே அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய் காந்தியைப் பார்த்தவர்கள். இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் என் தோழி. “எங்கேயோ டென்மார்க்லேருந்து எங்க ஊருக்கு வந்தாங்க இல்ல, அதனாலதான நான் படிச்சேன். நீ போ. இங்கேருந்து அனுப்ப வேண்டியதை நான் பாத்துக்கறேன்” என்றாள். சொன்னபடி செய்கிறாள். என் சபையில் ஜெப பங்காளர்கள் இருக்கிறார்கள், காணிக்கை அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் நன்றி. ஆனால் டிசம்பர் குளிரில் விடுதியில் ஒரு பையன் சிவப்பு ஸ்வெட்டரில் நிற்கும்போது எனக்கு அவள் முகம்தான் தெரியும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நம்பிப் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

எண்ணெய்ச் சாமானில் இவர்கள் கை சரியில்லை. அம்மா போட்டுக் கொடுத்த ஊறுகாய் பாட்டிலின் மூடியில் டேப் சுற்றியதோடு விட்டுவிட்டார்கள். எண்ணெய் கசிந்து, அந்த மூட்டையில் இருந்த படுக்கை விரிப்பு எல்லாம் கறை. போனில் சொன்னதும் பாய் மன்னிப்புக் கேட்டார், தோழி அடுத்த முறை போனபோது அந்த மூட்டைக்கு வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் ஊறுகாயை நீங்களே மெழுகு ஊற்றி மூடி, இரண்டு கவர் போட்டுக் கொடுங்கள். போன் செய்தால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். எழுத்தில் எஸ்டிமேட் தரமாட்டார்கள், வாயால் சொல்வதுதான். சொன்ன தொகைக்கு மேல் எங்களிடம் வாங்கவில்லை. பில் வேண்டும், ஆபீஸில் காட்டிப் பணம் வாங்க வேண்டும் என்கிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. கண்ணாடி, டி.வி. போன்றவற்றை அவரே வேண்டாம் என்கிறார். உடைந்தால் ஈடு கேட்க வழி இல்லை.

கூலி: நாங்கள் போனபோது சின்ன மூட்டைக்கு 120 ரூபாய், பெரியதற்கு 250, மெஷினுக்கு அடித்த மரப்பெட்டிக்கு 900. எல்லாம் சேர்த்துக் கட்டுக்கூலி ஐயாயிரத்துக்குள் முடிந்தது. ரயில்வே கட்டணம் தனி, ரசீதில் என்ன இருக்கிறதோ அதைக் கவுன்டரில் நாமே கட்டுகிறோம். அந்த ரசீதை பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் அந்தப் பக்கம் டெலிவரி எடுப்பது பெரும்பாடு. போய் இறங்கிய உடனே எடுத்துவிட வேண்டும், குறித்த நேரத்துக்கு மேல் கிடந்தால் அதற்கும் தனியாகக் கட்டணம் உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு அடைத்துவிடுவார்கள், அன்றைக்குப் போகாதீர்கள். ஹவுரா வண்டிக்கு நாலைந்து நாள் முன்பாகவே சாமானை இறக்கிவிட்டால் நிதானமாகக் கட்டுவார்கள். எங்கே போகிறீர்கள், கடைசியில் எப்படி ஏறப்போகிறீர்கள் என்பதை அங்கே இருக்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள், பாய் கட்டாயம் கேட்பார். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புகிறவர்கள் தார்ப்பாயை நீங்களே கொண்டுபோங்கள். கடை வாசல் திறந்த வெளி, மூட்டைகள் ஸ்டேஷனுக்குத் தள்ளுவண்டியில்தான் போகின்றன.